பேட்டரி நிரம்பிக் கிடந்த நாட்கள்

அந்தப் படகில் கெட்டில் போடுவதென்றாலும் உரக்கக் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். கேட்காமல் போட்டால் என்ன ஆகும் என்பதைக் குடிவந்த புதிதிலேயே பார்த்துவிட்டார்கள். அவள் முன்பக்க அடுப்படியில் கெட்டிலை அமுக்கிய அதே நொடியில், அவர் பின்பக்கத்தில் ட்ரில் மெஷினை அமுக்கியிருந்தார். இன்வெர்ட்டர் ஒரு முறை கீச்சென்றது, பிறகு வாயை மூடிக்கொண்டது. விளக்கு, தண்ணீர் பம்பு, கெட்டில், ட்ரில் எல்லாம் ஒரே மூச்சில் நின்றுபோயின.

"யாரு அங்க, என்னத்தப் போட்டது?"

"நான்தான். கெட்டில். நீங்க?"

"ட்ரில்லு."

"கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல நாம ரெண்டு பேரும் ஒண்ணா ஒரு முடிவு எடுத்தது இதான் முதல் தடவை" என்று அவள் இங்கிருந்து கத்தினாள். அவர் அங்கிருந்து சிரித்தார். சிரிப்பு படகின் நீளம் முழுக்க நடந்து அவளிடம் வந்து சேர்ந்தது. படகு ரயில் பெட்டி மாதிரி. நீளம் உண்டு, அகலம் கிடையாது. எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும்.

அவள் தையல்காரி. படகுகளுக்கு மேல்போர்வை, கூடாரத் துணி, மெத்தை உறை தைப்பவள். அவர் பாதி ஆயுளை லிஃப்ட் பழுது பார்ப்பதிலேயே கழித்தவர். கம்பெனி வயதானவர்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பியபோது, வீட்டுக்குப் போகாமல் படகுக்கு வந்தவர். இப்போது கால்வாய் வழியே ஊர் ஊராகப் போவது, கட்டிக்கிடக்கும் படகுகளுக்கு அளவெடுப்பது, தைப்பது, மாட்டிவிட்டு அடுத்த ஊர். கூரையில் சோலார் தகடுகள், படுக்கைக்கு அடியில் பேட்டரிகள். வெயில் காலத்தில் கணக்கே பார்க்க வேண்டாம். மேகம் மூடும் மாதங்களில்தான் ஒவ்வொன்றுக்கும் யோசனை.

அதனால் அந்த விதி. கெட்டில், காபிக்கொட்டை அரைக்கும் மெஷின், தையல் மெஷின், ட்ரில், எதுவானாலும் சத்தம் போட்டுக் கேட்க வேண்டும். பதில் வந்த பிறகுதான் அமுக்க வேண்டும். நாளாக நாளாக அது விளையாட்டாகிவிட்டது.

"மகாராஜா, கெட்டிலுக்கு உத்தரவு உண்டா?"

"உண்டு, உண்டு. ஆனா ஒரு கப்பு வரி கட்டணும்."

"ட்ரில் போடலாமாம்மா?"

"இருங்க, இந்த ஓரம் ஒண்ணு முடிச்சுக்கறேன். ம்... இப்ப எடுத்துக்கோங்க."

ஒரு நாளில் இப்படி எத்தனை தடவை கேட்டுக்கொண்டார்கள் என்று இருவருக்குமே தெரியாது.

அதற்குப் பிறகுதான் அந்த ஃபோன் வந்தது.

அவளுடைய அண்ணன் கூப்பிட்டிருந்தார். அவள் மடிமேல் ஒரு முழுப் படகின் போர்வை கிடந்தது. கையை எடுக்க முடியவில்லை. லிஃப்ட்காரர் எடுத்துப் பேசினார். நடு அறையிலிருந்து அவள் காதில் விழுந்தது இவ்வளவுதான்: "இல்ல மச்சான்... அதெல்லாம் சரிப்படாது. எங்களுக்கு இதுவே போதும். ஆங், வைக்கட்டுமா?"

"யாரு, அண்ணனா? என்னவாம்?"

"அவங்க கட்டடத்துல, அவங்களுக்கு நேர் மேல ஒரு போர்ஷன் காலியாகுதாம். வந்துடுங்கன்னாரு. சொல்லிட்டேன்."

"என்ன சொல்லிட்டீங்க?"

"வேணாம்னு."

ஊசி பாதித் துணியில் நின்றது. அவள் போர்வையை மடியிலிருந்து கீழே தள்ளினாள். அது தள்ளுகிற வேகத்தில் போகிற துணி இல்லை. கனம். அதனால் கோபத்தைக்கூட மெதுவாகத்தான் காட்ட முடிந்தது.

"ஒரு கெட்டிலுக்குக் கேக்கத் தெரியுது உங்களுக்கு. ஒரு வீட்டுக்குக் கேக்கத் தெரியலையா?"

"கேட்டிருந்தா மட்டும் நீ என்ன சொல்லியிருக்கப் போறே?"

"கேட்டிருந்தாத்தானே அது தெரியும்?"

பதில் இல்லாதபோது லிஃப்ட்காரர் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவார். தேடிக்கொண்டு பின்பக்கம் போனார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு அண்ணனைக் கூப்பிட்டாள். "அண்ணே, அடுத்த வாரம் உங்க ஊருக்கு வந்துடுவோம். படித்துறைக்கு வந்து என்னைக் கூட்டிட்டுப் போ" என்றாள். பின்பக்கத்துக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள். ஸ்க்ரூ டிரைவர் தேடும் சத்தம் நின்றது.

அன்று முதல் படகில் பேச்சு இல்லை. ஆனால் விதி இருந்ததே! வேண்டாத மனிதர்களாக இருந்தாலும் பேட்டரி ஒன்றுதான். காலையில் அவள் சொல்வாள்: "கெட்டில்." அங்கிருந்து பதில் வரும்: "ம்." பிறகு: "மெஷின்." "ம்." மத்தியானம் அவர்: "ட்ரில்." அவள்: "ம்."

சமைத்தாள், பரிமாறினாள், அவர் சட்டைக்குப் பொத்தான்கூடத் தைத்துப் போட்டாள். கோபத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது அவள் கட்சி. ஆனால் அந்த 'ம்' மட்டும் அவளுக்கு ஆகவில்லை. கேட்பது நான், கொடுப்பது நீயா? என் வாய்க்குக் காபி வேண்டுமென்றால் உன் வாய் திறக்க வேண்டுமா? இரண்டாம் நாள் காலை, கெட்டிலின் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றபோது முடிவெடுத்தாள். இனி யாரையும் கேட்காமல் காபி போட வேண்டும். அதுவும் நல்ல காபி. சும்மா ஒப்புக்கு ஒன்று கலக்கிக் குடித்தால் தோற்றுப்போன மாதிரி ஆகிவிடும்.

சிக்கல் என்னவென்றால், காபி எப்படி உண்டாகிறது என்பதே அவளுக்குத் தெரியாது. கொட்டையை மெஷின் அரைக்கும், தண்ணீரைக் கெட்டில் சுட வைக்கும், இன்னொரு மெஷின் வடித்துத் தரும். அவள் செய்ததெல்லாம் பொத்தான் அமுக்கியது மட்டும்தான்.

முதல் முயற்சியாகக் கேஸ் அடுப்பில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, கொட்டையைத் துணியில் முடிந்து சுத்தியலால் நசுக்கி, அப்படியே கொட்டினாள். குடித்துப் பார்த்தாள். மரப்பட்டையைக் காய்ச்சிய மாதிரி இருந்தது. படகில் ஃபிரிட்ஜை அணைத்து வைத்த நாளிலிருந்து பால் கிடையாது. பாலில்லாத காபியில் எந்தத் தப்பும் ஒளிந்துகொள்ள இடமில்லை. ஆனாலும் ஒரு கப் ஊற்றி, வழக்கம்போல் சுக்கான் பக்கத்துப் படியில் வைத்தாள். லிஃப்ட்காரர் காலையில் ஒரு வார்த்தையும் கேட்கப்படாததால் குழம்பிப்போய் நின்றிருந்தார். கப்பைப் பார்த்தார். மின்சாரம் இல்லாமல் காபி எங்கிருந்து வந்தது என்பதுபோல் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தார். ஒரு வாய் குடித்தார். முகத்தில் எதுவும் காட்டாமல் விழுங்கினார். காட்டியிருக்கலாம். அவள் கதவிடுக்கில் நின்று அதற்காகத்தான் காத்திருந்தாள்.

பக்கத்தில் கட்டியிருந்த பச்சைப் படகில் ஓர் அக்கா இருந்தாள். தனி ஆள், தனிக் குரல், இரண்டு கரைக்கும் கேட்கும். அவளிடம் கையால் சுற்றும் அரவை ஒன்று இருந்தது. மரப்பெட்டி, மேலே இரும்புக் கைப்பிடி, கீழே தூள் விழ ஒரு குட்டி டிராயர்.

"எடுத்துட்டுப் போ. எனக்குத் தோள்பட்டை போச்சு, நான் பொடி வாங்கிக் கலக்கிக்கறேன்" என்றாள் பச்சைப் படகு அக்கா. "ஏன், உன் வீட்டுக்காரர் அவ்ளோ பெரிய இன்வெர்ட்டர் மாட்டி வச்சிருக்காரே? அது என்ன அலங்காரத்துக்கா?"

"மேகமா இருக்குல்லக்கா. மிச்சம் பிடிக்கிறோம்."

"நல்ல பொண்ணு" என்றாள் அக்கா.

அரவைப் பெட்டியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். முதலில் மாவாக அரைத்துவிட்டாள். பிறகு திருகைத் தளர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து, மணல் மாதிரி விழும் இடத்தைப் பிடித்தாள். அரைக்கும்போதே மணம் எழுந்து முகத்தில் மோதியது. மெஷினில் அரைத்தபோது இந்த மணம் எங்கே போயிருந்தது? அப்போது அவள் பக்கத்தில் நின்றதே இல்லை. அமுக்கிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

அடுத்து வடிகட்டி. காகித வடிகட்டி தீர்ந்துபோயிருந்தது. துணிக்கா பஞ்சம் இந்தப் படகில் என்று, கையில் கிடைத்த நல்ல கெட்டித் துணியில் கூம்பு மாதிரி ஒன்று வெட்டி, இரட்டைத் தையல் போட்டு, வாயில் கம்பி வளையம் கோத்தாள். பார்க்க அத்தனை அழகாக இருந்தது. தூளைப் போட்டாள், வெந்நீரை ஊற்றினாள். தண்ணீர் அப்படியே நின்றது. ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. தட்டினாள், குலுக்கினாள். காபி உள்ளே குளம் மாதிரிக் கிடந்தது.

பிறகுதான் உறைத்தது. மழைத் தண்ணீர் ஒரு துளி உள்ளே போகக்கூடாது என்று மெழுகு ஏற்றிய துணி அது. வாழ்நாள் முழுக்கத் தண்ணீரை நிறுத்தத் தைத்த கை, தண்ணீரை விடவும் அதே துணியை எடுத்திருக்கிறது. அவளுக்குச் சிரிப்பு பொங்கியது. "ஏங்க, இங்க வந்து பாருங்களேன்" என்று வாய்வரை வந்துவிட்டது. வாயை இறுக்கிக்கொண்டு, காபிக் குளத்தைத் தொட்டியில் கவிழ்த்தாள். தனியாகச் சிரிக்கும் சிரிப்பு சீக்கிரமே தீர்ந்துபோயிற்று.

மெத்தை உறைக்கு உள்ளே கொடுக்கும் வெள்ளைப் பருத்தியில் இரண்டாவது கூம்பைத் தைத்தாள். கஞ்சி போகக் கொதிக்க வைத்து, பிழிந்து, மறுபடி கொதிக்க வைத்து, தையல் மடிப்பு வெளிப்பக்கம் இருக்கும்படி திருப்பினாள், தூள் உள்ளே தங்கக்கூடாதே என்று. அன்று காபி வந்தது. நல்ல காபி என்று சொல்ல முடியாது, காபி. மறுநாள் துணியைச் சோப்புப் போட்டுத் துவைத்துக் கெடுத்தாள். சலவைக் காபி. அதற்கடுத்த நாள் வெறும் தண்ணீரில் அலசி, ஈரமாகவே கிண்ணத்தில் போட்டு வைக்கப் பழகினாள். தண்ணீர் கொதித்ததும் ஊற்றாமல், அடுப்பை அணைத்துவிட்டு, கப்புகளைச் சுடுதண்ணீரில் கழுவி வைக்கும் நேரம்வரை பொறுத்தாள். முதலில் கொஞ்சமாக ஊற்றினால் தூள் மேலே உப்பி வந்து, மூச்சு விடுவதுபோல் பொக்குப் பொக்கென்று உடைகிறது என்பதைக் கண்டுபிடித்தாள். அது அடங்கும்வரை கை சும்மா இருக்க வேண்டும். அவசரப்பட்டால் கசக்கிறது.

ஒரு காலையில் எல்லாம் கூடி வந்தது. நூல் மாதிரி மெல்லிதாக ஊற்றினாள். கறுப்பாக இறங்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்தால் சிவப்பு தெரியும் நிறத்தில் இறங்கியது. ஒரு வாய் குடித்தவள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கசப்பு வந்தது. ஆனால் வந்த கையோடு விலகி, பின்னால் ஏதோ பழத்தின் இனிப்புக்கு வழிவிட்டது. மெஷின் ஒருநாளும் இப்படி ஒன்றைத் தந்ததில்லை.

அவருக்கும் வைத்தாள். லிஃப்ட்காரர் குடித்தார். நின்றார். கப்புக்குள் பார்த்தார். இன்னொரு வாய். பிறகு படியிலேயே உட்கார்ந்து, மிச்சத்தைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் குடித்தார். கப்பை அவரே கழுவி, துடைத்து, அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போனார். இப்படி ஒரு காபிக்கு முன்பென்றால் அரைமணி நேரம் பேசியிருப்பார்.

ஜெயித்தாயிற்று. யாரையும் எதற்கும் கேட்க வேண்டியதில்லை.

அவர் மட்டும் சும்மா இருப்பாரா? அவரும் கேட்பதை நிறுத்தினார். ட்ரில்லை உள்ளே வைத்துவிட்டு, பழைய கைத்துளைப்பானை எடுத்துச் சுற்றினார். அதைப் பார்த்து அவள் தையல் மெஷினின் மோட்டார் வாரைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைக் கையால் உருட்டித் தைக்க ஆரம்பித்தாள். அவர் பம்பு வேண்டாமென்று வாளியில் தண்ணீர் இறைத்தார். அவள் சாயங்காலம் விளக்குப் போடாமல் ஜன்னலோரம் நகர்ந்து, இருக்கிற வெளிச்சத்தில் தைத்தாள். படகெங்கும் கர்ர், கர்ர் என்று கையால் சுற்றும் சத்தம்தான். 'ம்' என்பதும் போய்விட்டது. அதைக்கூட விரட்டிவிட்டோம் என்று அவள் முதலில் நினைத்தாள். ஒரு முழுப் பகல் ஒரு சொல்லும் இல்லாமல் போன பிறகு, அந்த 'ம்' எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். கடைசி நாட்களில் அதில் கொஞ்சம் இழுவை இருந்ததோ? கேள்வி மாதிரி முடிந்ததோ? அவள் சரியாகக் கவனிக்கவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் பச்சைப் படகு அக்கா அரவையை வாங்கிப்போக வந்தாள். அக்காவுக்குக் காபி கொடுத்தாள். அக்கா குடித்துவிட்டு, "அடிப்பாவி, என் பெட்டியிலயா இது வந்தது?" என்றாள். "இதை நீயே வச்சுக்கோ. என்கிட்ட இருந்தா அதுக்கே அவமானம்." பிறகு கண் சுவரிலிருந்த பேட்டரி மீட்டரில் விழுந்தது. எழுந்து கிட்டே போய்ப் பார்த்தாள்.

"என்னடி இது, முழுசா இருக்கு?"

"ஆமாக்கா."

"வெயிலே காணோம். நான் ஒரு பல்பு போட்டுட்டு அது செத்துடுமோன்னு பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கேன். உங்க ரெண்டு பேருக்கு எப்படி நிரம்பி வழியுது? என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் பண்றதில்ல" என்றாள் அவள்.

அக்கா போன பிறகு அவள் மீட்டரின் எதிரே நின்றாள். படகுக்கு வந்ததிலிருந்து இந்த முள் இவ்வளவு மேலே போய் அவள் பார்த்ததில்லை. வெயில் காலத்தில்கூட அவர்கள் ஏதாவது போட்டுக்கொண்டே இருப்பார்கள், கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இது அத்தனையும் இருவரும் கேட்காமல் விட்டது. படுக்கைக்கு அடியில் சேர்ந்துபோய்க் கிடக்கிறது. அதன் மேல்தான் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுக்கிறார்கள்.

மறுநாள் அண்ணனின் ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். படித்துறையில் கயிற்றை எறிந்தது அவள், கட்டியது அவர். அந்த வேலைக்கு எப்போதுமே பேச்சு தேவைப்பட்டதில்லை. கரையின் அந்தக் கோடியில், கார் பக்கத்தில் அண்ணன் நின்று கையை வீசிக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரர் முடிச்சைப் போட்டுவிட்டு, அவிழ்த்துவிட்டு, மறுபடி போட்டார்.

"அவர் வர்றதுக்குள்ள ஒண்ணு கேட்டுடறேன்" என்றார்.

ரொம்ப நாள் பேசாததில் குரல் கரகரத்தது. அவள் நின்றாள்.

"அன்னிக்கு ஃபோன்ல நான் உன்னைக் கேக்கல. கேட்டிருக்கணும். இப்ப கேக்கறேன். அந்த வீட்டுக்குப் போகணும்னு உனக்கு இருக்கா?"

இந்தக் கேள்விக்காக அவள் இத்தனை நாளாகத் தொண்டையில் பதிலைத் தயாராக வைத்திருந்தாள். வாயைத் திறந்தால் பதில் இல்லை. கேட்காமல் விட்டாரே என்ற கோபத்தில், கேட்டிருந்தால் என்ன சொல்வோம் என்று அவள் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

"தெரியலையே" என்றாள். அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"ம்" என்றார் அவர்.

"நீங்க ஏன் உடனே வேணாம்னீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல."

அவர் கயிற்றைப் பார்த்தார். "சொன்னா சிரிப்பே."

"சொல்லுங்க."

"அந்தக் கட்டடத்துல லிஃப்ட் இருக்கு."

அவள் சிரிக்கவில்லை.

"ராவும் பகலும் ஓடும். எனக்குக் காது சும்மா இருக்காதும்மா. ஒவ்வொரு தடவை அது ஏறி இறங்கும்போதும், கம்பிக் கயிறு சரியா இருக்கா, கதவு சரியா மூடுதா, பிரேக்கு எங்க தேயுதுன்னு கேட்டுக்கிட்டே கிடக்கும். வேலை முடிஞ்சு வந்து பழைய வீட்டுல, அங்கயும் லிஃப்ட் இருந்துச்சே, நான் தூங்கினேன்னு நினைச்சியா? கண்ணை மூடிக்கிட்டுப் படுத்திருந்தேன், அவ்ளோதான். தண்ணிக்கு வந்த பிறகுதான் தூங்கறேன்."

"இத்தனை வருஷத்துல இதை என்கிட்ட சொல்லவே இல்லையே நீங்க."

"நீ கேக்கலையே" என்றார். குத்தலாக இல்லை, உண்மையாகவே சொன்னார். அதுதான் அவளைக் குத்தியது.

அதற்குள் அண்ணன் வந்துவிட்டார். "என்ன மாப்பிள்ளை, சௌக்கியமா? எங்கடா தங்கச்சி உன் பெட்டி? எடு, எடு. உங்க அண்ணி சுவருக்கு வெள்ளையடிச்சு, திரை மாட்டி எல்லாம் முடிச்சாச்சு. கீழ் வீட்டுக்காரங்ககிட்டக்கூடச் சொல்லிட்டேன், தங்கச்சி வந்துட்டா, இனிமே எந்தத் தையலா இருந்தாலும் மேல குடுங்கன்னு."

"நான் வர்றேன்னு எப்ப அண்ணே சொன்னேன்? கூட்டிட்டுப் போன்னு சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே!"

"பெட்டி இல்லாம வர்றேன். இவரும் வர்றார். வீட்டைப் பாக்கணும்."

லிஃப்டில் மூவரும் ஏறினார்கள். லிஃப்ட்காரர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கதவு மூடியபோது அவர் தாடை இறுகுவதை அவள் பார்த்தாள். எத்தனையோ கட்டடங்களில் அவரோடு லிஃப்டில் போயிருக்கிறாள். பார்த்ததில்லை.

போர்ஷன் நன்றாகவே இருந்தது. ஒரு சுவர் முழுக்க ஜன்னல். அந்த வெளிச்சத்தில், அந்த நீளத்தில் ஒரு மேஜை போட்டால், ஒரு முழுப் போர்வையை மடக்காமல் விரித்துத் தைக்கலாம். முதுகு வலிக்காது. அவள் சுவரை விரற்கடையால் அளந்துகூடப் பார்த்துவிட்டாள். பொய் சொல்லக் கூடாது, ஆசையாகத்தான் இருந்தது.

கீழே அண்ணன் வீட்டில் அண்ணி அவர்களை உட்கார வைத்தாள். கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இன்னொரு அறையில் இன்னொரு டிவி. துவைக்கும் மெஷின் ஒரு மூலையில் குதித்துக்கொண்டிருந்தது. "நீ காபிக்குக் கெட்டிலைப் போடு, நான் கப்பு எடுக்கறேன்" என்றாள் அண்ணி. அவள் கெட்டிலின் பொத்தான்மேல் விரலை வைத்தாள். வைத்துக்கொண்டு, வாய் லேசாகத் திறந்தபடி, கூடத்துப் பக்கம் திரும்பி நின்றாள்.

"என்ன பாக்கறே? அமுக்கு" என்றாள் அண்ணி.

அமுக்கினாள். எதுவும் அணையவில்லை. கூடத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர் சட்டென்று கொதித்தது. காபியும் மோசமில்லை. அண்ணி தன் கப்பை எடுத்துக்கொண்டு அந்த டிவிக்கு எதிரே போனாள், அண்ணன் இந்த டிவிக்கு எதிரே உட்கார்ந்தார். சந்தோஷமான வீடுதான். இருவரும் நல்லவர்கள். அவள் தன் கப்போடு நடுவில் நின்றாள். லிஃப்ட்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, சுவருக்கு அப்பால் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்புறம் மாப்பிள்ளை" என்றார் அண்ணன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "எப்ப வர்றீங்க? என்ன சொல்றீங்க?"

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். மூடினார். அந்தச் சின்ன இடைவெளியில் அவர் எதை விழுங்கினார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"என்னைக் கேக்காதீங்க மச்சான். அவளைக் கேளுங்க."

அண்ணன் அப்போதுதான் திரும்பினார். அண்ணியும் எட்டிப் பார்த்தாள். அவர்கள் எல்லாரும் தன்னைப் பார்ப்பது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கப்பைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, வீடு ரொம்ப நல்லா இருக்கு. அந்த ஜன்னலை நான் சாகறவரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா எனக்கு வேணாம்."

"இதுக்கா வெள்ளையடிச்சேன்? மாப்பிள்ளை சொல்லிக்குடுத்தாரா?"

"அவர் சொல்லிக்குடுத்திருந்தா நான் இந்நேரம் பெட்டியைத் தூக்கிட்டு வந்திருப்பேன்."

அண்ணிதான் முதலில் சிரித்தாள். அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். முகம் தொங்கிப்போயிருந்தது. நடந்து போகிறோம் அண்ணே, ராத்திரி ஃபோன் பண்றேன் என்று அவர் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வந்தாள். இறங்கும்போது படியிலேயே இறங்கினார்கள்.

தெருவுக்கு வந்து கொஞ்ச தூரம் போனதும் லிஃப்ட்காரர் நின்றார்.

"ஏன் வேணாம்னே?"

"எனக்குத் தோணிச்சு, சொன்னேன்."

"சுவரை விரலால அளந்தியே, நான் பாத்தேன். அவ்ளோ பெரிய மேஜை இந்தப் படகுல எந்தக் காலத்துலயும் போட முடியாது. உன் முதுகு என்ன ஆகறது?"

"என் முதுகு, என் பாடு."

"எனக்காக வேணாம்னு சொல்லாதே. எனக்கு அது பிடிக்கல. காதுல பஞ்சை வச்சுக்கிட்டுத் தூங்குவேன்."

"உங்களுக்காகன்னு யாரு சொன்னா? எல்லாம் உங்களுக்காகவேதான் நடக்குதுன்னு நினைப்பா?"

"பின்ன என்னதான் காரணம்? சொல்லேன்!"

"இப்படிக் கத்தினா எப்படிச் சொல்றது?"

"நான் எங்க கத்தறேன்? நீதான் கத்தறே!"

எதிரே வந்த ஒரு பெண் குழந்தையை அந்தப் பக்கம் மாற்றிப் பிடித்துக்கொண்டு போனாள். ஒரு சைக்கிள்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பற்றிச் சொன்னாள், அண்ணன் தன்னைக் கேட்காமலே ஊரெல்லாம் சொல்லி வைத்ததைச் சொன்னாள், கெட்டிலின் முன்னால் முட்டாள் மாதிரி நின்றதைச் சொன்னாள். அவர் குறுக்கே பேசினார். குறுக்கே பேசாதீங்க என்றாள். மெழுகுத் துணியில் காபி நின்ற கதையைச் சொன்னாள். கோபத்தின் நடுவிலும் அவருக்குச் சிரிப்பு பீறிட்டது. "என்னைக் கூப்பிட்டிருக்கலாம்ல?" என்றார். அதற்கும் சண்டை. அடுத்த குளிருக்கு என்ன செய்வது, பேட்டரியை மாற்றுவதா, கூரையைக் கொஞ்சம் நீட்டி மேஜைக்கு இடம் பண்ண முடியுமா, முடியாது என்று அவர் எப்படி இப்போதே சொல்லலாம், அளந்து பார்த்தாரா?

படித்துறை வந்தது. படகு அசைந்து அசைந்து நின்றது. அவர் காலை எடுத்துப் பலகையில் வைக்கப்போனார். அவள் இன்னும் பேசி முடிக்கவில்லை. அந்த ஒடுக்கமான படகில், ஒருவர் பேச ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றால், இந்தச் சண்டை எடுபடாது என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். காலைக் கீழே வைத்தார்.

"சரி, சொல்லு. அளந்து பாத்தா என்ன பண்ணுவே?"

இருவரும் படகைத் தாண்டி, கரையோரமாகவே மேலே நடந்தார்கள்.